பௌபஜார் ஆய்வுக்கூடத்தின் பழைய மாணவர்கள்

ஈப்போ நகரை அடுத்து, கிளேடாங் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் ஜெலாப்பாங். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்பது பொருள். நெல்லைக் காட்டிலும் ஈயமும் ரப்பருமே அவ்வட்டாரத்துக்குச் சோறு போட்டன என்பது வேறு விஷயம். பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, முன்னாள் தோட்டத்து மக்கள் எங்கேனும் ஒரு மண்டபத்தை எடுத்து ஒன்றுகூடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. அக்கூட்டங்களில் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் வழக்காடலே. எந்த நிரையை யார் வெட்டினார், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட தண்டல் யார், கோவிலுக்கு முதற்கல் சுமந்தவர் யார் என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் மறுப்பார். செக்ரோலில் கூலிக் கணக்கு இருந்ததேயன்றி இச்செய்திகள் எவையும் இருந்ததில்லை. இடமும் போய், ஏடும் இல்லாத நிலையில், கூடியிருப்போரின் ஞாபகமே தோட்டத்தின் சரித்திரமாகிவிடுகிறது.

விஞ்ஞான ஆய்வுக்கூடங்களின் சரித்திரத்திலும் இதே நிலை நேர்ந்ததுண்டு. அவற்றுள் தமிழர்களுக்கு மிகவும் உரியது கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். ராமன் விளைவு 1928-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். அக்கழகம் பின்னர் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தெருவின் பெயரும் பிபின் பிகாரி கங்குலி தெரு என்று மாறிவிட்டது. அந்த எண்ணில் இன்று நடைபெறுவது ஒரு வணிகவியல் கல்லூரி. அங்கு உழைத்தவர்கள் முறையாகப் பதிவு செய்த பழைய மாணவர் சங்கம் எதையும் நடத்தவில்லை. ஆயினும் சங்கம் செய்யவேண்டிய காரியங்களை, அதாவது கூடுதல், மலர் வெளியிடுதல், மறைந்தவர்க்கு நினைவுரை எழுதுதல், பழைய கதையைப் பற்றி ஓயாது தர்க்கம் செய்தல் ஆகியவற்றை, அவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் அறுபது எழுபது ஆண்டுகள் செய்து வந்திருக்கிறார்கள்.

கழகத்தைத் தோற்றுவித்தவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், ஆண்டு 1876. இந்தியர் தம் கையாலேயே, தம் பணத்தாலேயே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கட்டடம் எழும்பிற்று, விரிவுரைகள் நடந்தன, ஆராய்ச்சி செய்ய மட்டும் ஆள் வரவில்லை. அந்தக் குறையுடனேயே அவர் 1904-இல் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 1907-இல், நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த 18 வயது இளைஞர் ஒருவர் டிராம் வண்டியில் போகும்போது கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். அவரே திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன்.

கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே. ஆய்வுக்கூடத்தார் அனைவருக்கும் அவர் ஆஷு பாபு. இந்தக் கதவைத் தட்டிய கதை எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை; பழைய மாணவர்கள் வாய்மொழியாகக் காத்து வைத்ததே நமக்குக் கிடைத்திருக்கிறது. ராமன் காலை 5.30 மணிக்கு வந்து 9.45 வரை ஆராய்ச்சி செய்வார், பின் அலுவலகம், மாலை 5 மணிக்குத் திரும்பி இரவு 10 வரை மீண்டும் ஆராய்ச்சி. பிறகு அடுத்த வீட்டுக்கே குடிவந்து, அங்கிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய ஒரு கதவும் வைத்துக்கொண்டார். 1917-இல் நல்ல சம்பளமுள்ள அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். 1919-இல் கழகத்தின் கௌரவச் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

ஆஷு பாபுவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாதவர் அவர். கருவிகளைப் பூட்டுவதும் கழற்றுவதும், ராமனின் பரிசோதனைகளுக்கு வேண்டியதை நொடியில் செய்து தருவதும் அவர் தொழில். பிடில், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தைக் குறித்து ராமன் ஆராய்ந்த அந்நாளில், பிடிலின் வில்லை மனிதக் கை நடுக்கமின்றி ஒரே சீராக இழுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. அத்தகைய காரியங்கள் இவ்விதத் துணையால்தான் நடந்தன. ராமனுடன் சேர்ந்து கட்டுரை எழுதியதோடு, 1919-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் நடவடிக்கை ஏட்டில் தம் பெயரிலேயே ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அதிர்வெண்ணை அளக்கும் புதுமுறை ஒன்றைப் பற்றியது அது. பட்டம் பெற்ற எத்தனையோ பேருக்கு வாழ்நாள் முழுதும் கிட்டாத இடம்! இருந்தும், பழைய மாணவர்கள் திரும்பத் திரும்ப அவர் பெயரைச் சொல்லியிராவிட்டால், அந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள 'ஏ. தே' யார் என்பது இன்று எவருக்கும் தெரிந்திராது.

ஆய்வுக்கூடத்தின் பழைய மாணவர் கூட்டம் என்னும் வழக்கத்துக்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் காவெண்டிஷ் ஆய்வுக்கூடம். எலெக்ட்ரானைக் கண்ட ஜே. ஜே. தாம்சன் காலத்தில் அங்கே ஆண்டுதோறும் விருந்து நடக்கும். பௌதிகச் செய்திகளையே நையாண்டிப் பாட்டாகக் கட்டி எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். அப்பாட்டுகள் தொகுக்கப்பட்டுப் புத்தகமாகவும் வந்தன. தாம்சன் தலைமை ஏற்று 25 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1910-இல், ரதர்போர்டு உள்ளிட்ட பழைய மாணவர்கள் ஆளுக்கொரு பகுதியாக எழுதிய ஆய்வுக்கூடச் சரித்திரம் வெளிவந்தது. அங்கும் ஓர் ஆஷு பாபு உண்டு. எபினேசர் எவரெட் என்ற அவர்தான் தாம்சனின் கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்தவர். தாம்சனுக்குக் கைந்நேர்த்தி போதாது; கருவியைத் தொட்டால் உடைந்துவிடுமோ என்று எவரெட் அவரை அருகில் விடவே அஞ்சுவாராம். இச்செய்தியும் நினைவுக் குறிப்புகளால்தான் பிழைத்தது. நம் காலத்தில், 2017-இல், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் தன் முன்னாள் பணியாளர்க்கென முறையான அமைப்பொன்றை ஏற்படுத்தியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் விருந்தும் பாட்டும் போதவில்லை போலும்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1921-இல் ராமன் இங்கிலாந்து சென்று 'நார்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்து நீலத்தின் பிரதிபிம்பமே கடல் நீலம் என்பது அன்றைய கருத்து. நிக்கல் பட்டகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தபோதும் நீலம் குறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்தார். பள்ளிப் புத்தகங்கள் பலவற்றில் ராமன் விளைவு கப்பலிலேயே கண்டுபிடிக்கப்பட்டது போன்ற தோற்றம் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் கப்பலில் கிடைத்தது கேள்வி. விடை கிடைக்க ஏழாண்டுகளும் பல மாணவர்களின் கண்களும் வேண்டியிருந்தன.

கண்கள் என்பது அலங்காரச் சொல் அன்று. சூரிய ஒளியைப் பெரிய லென்சு கொண்டு குவித்து, நன்கு சுத்தி செய்த திரவத்தினுள் பாய்ச்சி, இருட்டறையில் அமர்ந்து அதன் தடத்தைக் கண்ணால் பார்ப்பதே பரிசோதனை. வரும் ஒளியின் வழியில் ஊதா நிறம் மட்டும் புகும் வடிகண்ணாடி ஒன்றை வைப்பார்கள். பார்க்கும் கண்ணுக்கு முன் பச்சை மட்டும் புகும் வடிகண்ணாடியை வைப்பார்கள். ஒன்று விடுவதை மற்றது தடுக்கும். ஆகவே தடம் முழுதும் மறைந்துவிட வேண்டும். ஆனால் மங்கலாக ஏதோ எஞ்சி நின்றது. 1923-இல் இதை முதலில் கண்டவர் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன். அசுத்தத்தால் விளையும் ஒளிர்வாக இருக்கலாம் என்று கருதித் திரவத்தை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தார்கள். மங்கல் ஒளி போகவில்லை. 'பலவீனமான ஒளிர்வு' என்று பெயரிட்டுக் குறித்து வைத்தார்கள். அந்தப் பெயரே நாலைந்து ஆண்டுகள் உண்மையை மறைத்துக்கொண்டிருந்தது எனலாம்.

வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, திருவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் படித்துக் கல்கத்தா சேர்ந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். அவரும் சில திரவங்களில் இதே மங்கலைக் கண்டார். எஸ். வேங்கடேசுவரன் அலிப்பூர் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் ரசாயனராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கழகத்துக்கு வந்து ஆராய்ந்தவர். நன்கு சுத்தி செய்த கிளிசரினில் சிதறும் ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதையும், அது வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் அவர் கண்டார். சாதாரண ஒளிர்வுக்கு அத்தகைய முனைவாக்கம் இருப்பதில்லை. இங்கேதான் மர்மம் அவிழத் தொடங்கிற்று. 1927-ஆம் ஆண்டின் நோபல் பரிசு காம்ப்டனுக்குக் கிடைத்த செய்தி வந்த காலம் அது. எக்ஸ் கதிர் மோதிச் சிதறும்போது அலைநீளம் மாறுகிறதென்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் ராமனைப் பற்றிக்கொண்டது.

அடுத்து நடந்ததை நாளும் நேரமுமாக நாம் அறிவதற்குக் காரணம் கிருஷ்ணன் 1928 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு. 5-ஆம் தேதிக் குறிப்பில், கோட்பாட்டுக் கணக்கிலேயே மூழ்கியிருந்த தம்மைப் பேராசிரியர் பரிசோதனைக்கு இழுத்த செய்தி இருக்கிறது. விஞ்ஞானி நெடுநாள் பரிசோதனையை விட்டு விலகியிருப்பது ஆரோக்கியமன்று என்பது ராமனின் வாதம். 7-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு கிருஷ்ணனும் வேங்கடேசுவரனும் அறையில் பேசிக்கொண்டிருக்கையில், சுமார் 9 மணிக்கு ராமன் திடீரென வீடு தேடி வந்து கூப்பிட்டார். காலையில் தாங்கள் கண்டது வெறும் ஒளிர்வு அன்று. கிராமர்சும் ஹைசன்பர்க்கும் கணக்கிட்டுச் சொன்ன விளைவே அது என்பதைச் சொல்ல வந்திருந்தார். அதற்கு 'மாறிய சிதறல்' என்று பெயரிடுவதென வீட்டு வாசலிலேயே முடிவாயிற்று. கால்மணி நேரத்துக்கு மேல் தெருவில் நின்று பேசினார்கள்.

17-ஆம் தேதிக் குறிப்பு இரண்டு மூன்று வரிதான். பென்டேன் ஆவியிலும் முனைவாக்கத்தைப் பேராசிரியர் உறுதி செய்தார் என்றும், தமக்கு இடக்கண்ணில் தொல்லை இருப்பதால் சில நாள் பார்வையிடும் வேலை முழுவதையும் தாமே செய்வதாக அவர் வாக்களித்தார் என்றும் கிருஷ்ணன் எழுதுகிறார். இருட்டில் உட்கார்ந்து மங்கலைத் தேடித்தேடி நொந்துபோன கண் அது! பத்திரிகைகளுக்குச் சென்ற எந்த விஞ்ஞானக் குறிப்பிலும் இந்த வலி இல்லை. 27-ஆம் தேதி வீட்டில் வைதிகக் காரியம் ஒன்று இருந்ததால் கிருஷ்ணன் கழகத்துக்கே போகவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை பிற்பகல்தான் போனார். நீல ஊதா வடிகண்ணாடியோடு யுரேனியக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து, ஒளியின் அலைநீள எல்லையை இன்னும் குறுக்கி, கையடக்க நிறமாலைகாட்டி கொண்டு தடத்தைப் பார்த்தபோது, மூல ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் இடையே இருண்ட பட்டை ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அலைநீளம் மாறியிருக்கிறது என்பதற்கு இனிச் சாட்சி வேண்டியதில்லை. அன்று 28 பிப்ரவரி. மறுநாளே பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: மங்கல் ஒளியை முதலில் கண்ட ராமநாதன் பிறந்த நாளும் பிப்ரவரி 28-தான்.

இவ்வளவுக்கும் பயன்பட்ட கருவிகளின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது என்பது ஆய்வுக்கூடத்தாரிடையே வழங்கிய செய்தி. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் அதே மாதத்தில் குவார்ட்சு படிகத்தில் இதே விளைவைத் தனியே கண்டிருந்தார்கள். அச்சில் வெளியிடுவதில் பிந்திவிட்டார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். லண்டன் 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31-இல் வெளியான முதற்குறிப்பு ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் வந்தது. அறுபது திரவங்களில் இவ்விளைவைச் சோதித்த செய்தி அதில் உள்ளது. அலைநீள மாற்றத்தைத் திட்டவட்டமாகக் கூறும் அடுத்த குறிப்பு ராமன் பெயரில் மட்டும் வந்தது. மூன்றாவது மீண்டும் இருவர் பெயரில். மார்ச் 16-இல் பெங்களூரில் ராமன் ஆற்றிய பேருரையிலும், 1930-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலும் மாணவர்கள் பெயர் குறிப்பிடப்பட்டது. பரிசு மட்டும் ஒருவருக்கே. கிருஷ்ணனுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது அன்று முதல் பழைய மாணவர்களிடையேயும் வெளியிலும் ஓயாத பேச்சு. ஏழாண்டுகளாகக் கேள்வியை விடாது பிடித்து, ஒவ்வொரு மாணவரையும் அதன்மேல் ஏவி, மங்கல் ஒளியின் பொருளை உணர்ந்தவர் ராமன். தீர்மானமான அந்த மூன்று வாரமும் கருவியருகே இருந்து, கண் நோக, நாளும் பார்த்தவர் கிருஷ்ணன். நாட்குறிப்பைப் படிப்பவர்க்கு இரண்டும் ஒருங்கே தெரிகின்றன. ராமனின் மேதையைக் குறைக்க அதைப் பயன்படுத்துவோர் அந்த ஏட்டைச் சரியாகப் படிக்கவில்லை. 7-ஆம் தேதி இரவு ஓடி வந்தவர் யார் என்பதை எழுதி வைத்தவரே கிருஷ்ணன்தான். கிருஷ்ணனைக் கருவி துடைத்த உதவியாளராக்க முயல்வோரும் அதையே மறந்துவிடுகிறார்கள்.

கிருஷ்ணன் தம் வாழ்நாளில் பொதுமேடையில் உரிமை கோரவில்லை. 1928 இறுதியில் டாக்காவுக்குப் போனார். 1933-இல் கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940-இல் ராயல் சொஸைட்டி உறுப்பினராகி, 1942-இல் அலகாபாத் சென்று, 1947-இல் தில்லி தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலக்கியத்தில் தோய்ந்தவர், விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிக் காட்டியவர். 1961-இல் மறைந்தார். ராயல் சொஸைட்டிக்காக காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் ஹோமி பாபாவும் எழுதிய அவர் வாழ்க்கைக் குறிப்பு 1967-இல் வெளிவந்தது. அப்போது பாபாவே உயிரோடு இல்லை. 2000-ஆம் ஆண்டில் அச்சொஸைட்டியின் சரித்திர ஏட்டில் நாட்குறிப்பை விரிவாக ஆராயும் கட்டுரை வெளியானது. எழுதி எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஏடு தன் முழுச் சாட்சியையும் சொல்லிற்று.

ஆய்வுக்கூடத்துக் கூட்டம் கலைந்த கதை அவ்வளவு இனியதன்று. ராமன் 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகச் சென்றார். வங்காளத்தார் பணத்தில் எழுந்த நிறுவனம் தென்னாட்டார் கையில் போய்விட்டது என்ற மனக்குறை கல்கத்தாவில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. 1934-இல் அது வெடித்து, தாம் வளர்த்த கழகத்தின் நிர்வாகத்திலிருந்தே ராமன் வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு பெங்களூரில் இந்திய விஞ்ஞான அகாதமியை நிறுவினார். பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் கூடுவதற்கு அகாதமியின் கூட்டமே இடமாயிற்று. ராமனின் ஐம்பதாம் பிறந்தநாளை ஒட்டி 1938-இல் அகாதமியின் நடவடிக்கை ஏடு சிறப்பு மலராக வந்தது.

ராமநாதன் வானிலைத் துறையில் உயர்ந்து, 1948-இல் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். எல். ஏ. ராமதாஸ் பூனாவில் பயிர்களுக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையைத் தோற்றுவித்தார். பகவந்தம் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிறமாலை ஆராய்ச்சியை வளர்த்து, பிற்காலத்தில் இந்தியப் பாதுகாப்புத் துறையின் விஞ்ஞான ஆலோசகரானார். எஸ். ராமச்சந்திர ராவ் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஒவ்வொருவரும் பௌபஜாரின் ஒரு துண்டை எடுத்துச் சென்றது போல, இருட்டறையும் சிறு கருவிகளும் கொண்ட ஆராய்ச்சிச் சாலைகள் இந்தியாவின் பல மூலைகளில் எழுந்தன.

ராமன் 1970 நவம்பர் 21-இல் காலமானார். ராயல் சொஸைட்டிக்காக அவர் வாழ்க்கையை 1971-இல் எழுதியவர் பகவந்தம். 1973-இல் ராமதாஸ் தம் நினைவுகளை எழுதினார். கண்டுபிடிப்பின் பொன்விழாவை ஒட்டி 1978-இல் பெங்களூரில் சர்வதேச மாநாடு நடந்தது. இவற்றைப் படிப்பவர் ஓர் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுபவர் முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதுகிறார். கண்டுபிடிப்பு நாளின் பரிசோதனை பாதரச விளக்கு கொண்டு நடந்தது என்பதே பிற்காலத்தில் பரவிய கதை. நாட்குறிப்போ அன்று பயன்பட்டது வடிகட்டிய சூரிய ஒளி என்று காட்டுகிறது. பாதரச விளக்கின் கூரிய கோடுகள் பின்னரே வந்து விஷயத்தை உலகறியச் செய்தன. பொய் சொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. கதையில் மிகப் பளிச்சென்றிருந்த விளக்கு மெல்ல முதல் நாளுக்கே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இந்திய அரசாங்கம் பிப்ரவரி 28-ஐத் தேசிய விஞ்ஞான நாளாக அறிவித்து, 1987 முதல் கொண்டாடி வருகிறது.

சிலருடைய ஞாபகம் மிகத் தாமதமாகவே கேட்கப்பட்டது. திருவிதாங்கூர்ப் பீருமேட்டில் பிறந்த அன்னா மாணி என்ற பெண்மணி 1940-களில் பெங்களூரில் ராமனிடம் வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்தவர். கட்டுரைகள் வெளியாயின, ஆய்வேடும் முடிந்தது. எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் வானிலைத் துறைக்குப் போய், இந்தியாவிலேயே வானிலைக் கருவிகள் செய்யும் வேலையை நிலைநிறுத்தி, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். அவரை நேரில் கண்டு, அந்நாளைய ஆய்வுக்கூடத்தில் பெண்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைக் கேட்டு எழுதிய ஆராய்ச்சி மிகப் பிந்தியே வெளியாயிற்று. அவர் 2001-இல் மறைந்தார். மலர்களும் மாநாடுகளும் பல நடந்தும், அந்தக் கேள்வியைக் கேட்க அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

மலேசியாவில் இக்கதைக்கு ஒப்பாக நிற்பது ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். பௌபஜாரில் ராமநாதனும் கிருஷ்ணனும் மங்கல் ஒளியைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1925-இல், சட்டத்தின் மூலம் நிறுவப்பெற்று, ரப்பர் ஏற்றுமதிமீது விதித்த தீர்வையால் நடத்தப்பட்டது அது. பேராக்கின் தோட்டங்களில் வெட்டப்பட்ட பாலிலும் அத்தீர்வை உண்டு. கோலாலம்பூருக்கு அடுத்த சுங்கை பூலோவில் அதற்குப் பரிசோதனைத் தோட்டம் இருந்தது. அங்கிருந்து வந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரவகையை அறியாத பால்வெட்டுத் தொழிலாளி இருக்க முடியாது. தாய்லாந்திலும் மிகுதியாக நடப்பட்டது அது. ஜாவாவின் ஜிர் 1 மரத்துக்கும், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்துப் பி.பி. 86 மரத்துக்கும் பிறந்த கலப்பு அது. பிராங் பெசார் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது.

அக்கலப்பு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் கவனித்தால் ஆஷு பாபுவின் ஞாபகம் வரும். ரப்பர் பூ மிகச் சிறியது. மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி ஏறி, ஆண்பூவின் மகரந்தத் தண்டை இடுக்கியால் எடுத்துப் பெண்பூவுக்குள் வைத்து, வேறு மகரந்தம் புகாதபடி பாலில் தோய்த்த பஞ்சால் அடைக்க வேண்டும். இப்படி நூறு பூவில் செய்தால் சிலவே காயாகும். காய் ஒன்றுக்கு மூன்று விதை. அவ்விதைகளை முளைக்கவைத்து, மரமாக்கி, ஆண்டுக்கணக்கில் பால் அளந்து, பெரும்பாலானவற்றைக் கழித்த பிறகு ஏதோ ஒன்றுக்கு எண் கிடைக்கும். கழகத்தின் இதழ்களில் எண்ணும் விளைச்சலும் ஆய்வாளர் பெயரும் அச்சாகியுள்ளன. பரண்மேல் நின்ற கைகளின் பெயர் அவ்வட்டவணைகளில் இடம்பெறுவதில்லை.

1998-இல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. சுங்கை பூலோ நிலத்தில் 2,330 ஏக்கர் குவாசா டாமன்சாரா என்னும் புதுநகரத்துக்காகக் கொடுக்கப்பட்டு, 2016 இறுதியிலிருந்து அங்கே மின்ரயில் நிலையமும் இயங்கி வருகிறது. 1960-களில் பதினெட்டு வயதில் அந்தத் தோட்டத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது எண்பதை ஒட்டிய வயதினர். எந்தப் பரணில் எந்த ஆண்டு எந்தக் கலப்பைச் செய்தார்கள், எந்த நாற்றைக் கழிக்கச் சொன்னபோது யார் தயங்கினார்கள், எந்த மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.